தண்டுவடத்தில் கொழுப்புக்கட்டி: "முழுவதும் எடுக்க மாட்டேன்" என்கிறார் டாக்டர். சரியா?

நிலக்கோட்டையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு வயது 31. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது வலது காலில் மரமரப்பு தொடங்கியது. கர்ப்ப காலத்தில் இதெல்லாம் சகஜம் என்றார்கள். பிரசவம் ஆகியும் போகவில்லை, இடது காலுக்கும் வந்துவிட்டது. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அது தெரியாமல் இவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். மெஷினின் மிதிபலகை மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மிதிக்கிறாள். சில வாரங்களாகச் சிறுநீர் வந்தால் அடக்கவும் முடியவில்லை.

சத்துக்குறைவு என்று ஊசி போட்டார்கள். தேய்மானம் என்று இடுப்புக்குப் பெல்ட் கொடுத்தார்கள். இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், எல்லாம் சரியாக இருப்பதாக வந்தது. கடைசியில் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டர் சாவியால் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். கட்டைவிரல் மேல்நோக்கி நிமிர்ந்தது. "கோளாறு இடுப்பில் இல்லை, அதற்கு மேலே" என்று சொல்லி முதுகு முழுவதையும் படம் எடுக்கச் சொன்னார். டி3 முதல் டி6 வரை, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் மூன்றாவது முதல் ஆறாவது வரை, தண்டுவடத்தின் பின்பக்கம், உறைக்கு உள்ளே கொழுப்புக்கட்டி இருக்கிறது. அறிக்கையில் லைப்போமா என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டு அறுவை நிபுணர்களிடம் காட்டியிருக்கிறோம். முதலாமவர், "ஓரளவு எடுத்து நெருக்கத்தைக் குறைப்பேன், முழுவதும் எடுக்க மாட்டேன்" என்கிறார். இரண்டாமவர், வேறொரு தனியார் மருத்துவமனையில், முழுவதையும் சுத்தமாக எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். மாமனார் இரண்டாமவர் பக்கம். "பாதிக் கட்டியை விட்டுவைக்கவா இவ்வளவு பணம்?" என்கிறார். மீதியை விட்டால் மறுபடி வளராதா? புற்றாக மாறாதா? யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பசுமைவாழ்வு எழுதியது:

கொழுப்புதானே, கரைத்துவிடலாம். காலையில் வெறும் வயிற்றில் கொள்ளுரசம், இரவில் திரிபலா, எண்ணெய்ப் பலகாரம் அறவே கூடாது. என் சித்தப்பா முதுகில் எலுமிச்சம்பழ அளவில் கொழுப்புக்கட்டி இருபது வருடமாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும் என்பார்கள். அவசரப்படாதீர்கள்.

தியேட்டர் சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் நரம்பியல் அறுவை அரங்கில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் சர்ஜன் கையில் கருவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, அந்தக் கை எந்த இடத்தில் துணிகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது என்று பக்கத்திலேயே நின்று பார்த்தவள். தண்டுவடத்தில் வரும் கட்டிகளில் இந்த வகை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அதனால் ஊரில் கேட்கும் யோசனைகளில் பெரும்பாலானவை வேறு ஏதோ கட்டியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

பசுமைவாழ்வு அவர்களே, உங்கள் சித்தப்பாவின் கட்டி தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கிறது. அது எவ்வளவு பருத்தாலும் சட்டை இறுக்கமாகும், அவ்வளவுதான். இந்தப் பெண்ணுக்கு இருப்பது எலும்புக் குழாய்க்குள், அதற்குள்ளும் டூரா என்கிற உறைக்குள், சுண்டுவிரலைவிட மெல்லிய தண்டுவடத்தின் மேலேயே. நெஞ்சுப் பகுதியில்தான் அந்தக் குழாய் ஆகக் குறுகல். கொள்ளுரசம் குடிக்கட்டும், உடம்புக்கு நல்லது. அதைக் குடித்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வதுதான் தவறு. சிறுநீர் அடக்க முடியவில்லை என்று அந்தத் தம்பி எழுதியிருப்பதை நீங்கள் படித்தீர்களா?

எடை விஷயத்தில் மட்டும் ஓர் உண்மை இருக்கிறது. இந்தக் கட்டியில் இருப்பது நம் இடுப்பிலும் வயிற்றிலும் இருக்கும் அதே சாதாரணக் கொழுப்பு அணுக்கள். உடம்பு பெருத்தால் இதுவும் பெருக்கும். கர்ப்ப காலத்தில் தொல்லை தலைகாட்டுவது அதனால்தான் என்று எங்கள் டாக்டர்கள் சொல்வார்கள். எடை குறைந்ததும் தொல்லை தணிந்த ஒருசிலரைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் எடையைக் கவனிக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பதிலாக அல்ல.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் மாமனாருக்கும் விளங்கும்.

குப்புறப் படுக்க வைப்பார்கள். வயிறு எதிலும் அழுந்தாமல் இருக்க வேண்டும். அழுந்தினால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் இரத்தம் தேங்கி, தொட்ட இடமெல்லாம் கசியும். பிறகு எக்ஸ்ரே வைத்து எலும்பை எண்ணுவார்கள். நெஞ்சுப் பகுதியில் எல்லா எலும்பும் ஒன்றுபோலவே இருப்பதால் ஓர் எண் தவறிப் போவது எளிது. எங்கள் பெரிய டாக்டர் தாம் எண்ணியது போதாதென்று மயக்க மருந்து டாக்டரையும் எண்ணச் சொல்வார். இரண்டு கணக்கும் ஒத்துவந்தால்தான் கத்தியை வாங்குவார். எலும்பின் பின்வளைவுகளை எடுத்து, மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து டூராவைத் திறந்ததும் பளீரென்று மஞ்சள் தெரியும். மற்றக் கட்டிகள் பலவும் தண்டுவடத்தின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும், தேட வேண்டியிருக்கும். இது அப்படி இல்லை. முதன்முதலாகப் பார்க்கும் இளம் டாக்டர்கள், "இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, அள்ளி எடுத்துவிடலாமே" என்பார்கள்.

அள்ள முடியாது. தேங்காய்ச் சில்லின் முதுகில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைச் சீவிப் பாருங்கள். தோல் மட்டும் வராது, பருப்பும் சேர்ந்துதான் வரும். இந்தக் கொழுப்புக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பிரித்தெடுக்க ஒரு சவ்வோ எல்லையோ கிடையாது. அடிப்பக்கத்தில் கொழுப்பு எங்கே முடிகிறது, தண்டுவடம் எங்கே தொடங்குகிறது என்று மைக்ராஸ்கோப்பிலும் கோடு தெரியாது. சில நரம்பு வேர்கள் கொழுப்புக்கு உள்ளேயே நுழைந்து வெளியே வரும். அதனால் நடுவிலிருந்து குடைந்து, மெலிதாக ஒரு படலம் மிஞ்சும்படி நிறுத்திவிடுவார்கள்.

குடைவதற்கு 'கூசா' என்று நாங்கள் சொல்லும் மீயொலிக் கருவி உண்டு. கொழுப்பை அதிர்வில் உடைத்து அதுவே உறிஞ்சிக்கொள்ளும். சில இடங்களில் கார்பன் டை ஆக்சைடு லேசரால் தொடாமலே ஆவியாக்குவார்கள். எண்ணெய்த் துளிகள் மேலே மிதந்து மினுங்கும், அதைச் சலைன் விட்டுக் கழுவிக்கொண்டே இருப்பது என்னைப் போன்றவர்களின் வேலை. தண்டுவடத்தைப் பிடித்து இழுப்பது என்ற பேச்சே கிடையாது.

இவ்வளவும் நடக்கும்போது தலையில் பொருத்திய மின்முனைகள் வழியாகத் தூண்டல் கொடுத்து, கால் தசைகளில் பதில் வருகிறதா என்று ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "வலது கால் குறைகிறது" என்று அவர் சொன்னால் அரங்கில் எல்லாக் கையும் நின்றுவிடும். வெதுவெதுப்பான சலைன் விடுவார்கள், இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்வார்கள், காத்திருப்பார்கள். அலை திரும்ப வந்தால் தொடர்வார்கள். வராவிட்டால் கட்டி எவ்வளவு மீதி இருந்தாலும் அதோடு சரி. நல்ல சர்ஜன் என்று நான் மனத்தில் குறித்துவைத்தவர்கள் எல்லாம் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

மூடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டூராவை முன்போல இழுத்துத் தைத்தால் மீதிக் கொழுப்பு மறுபடி தண்டுவடத்தை நெருக்கும். ஆகவே ஒரு துண்டு சேர்த்து ஒட்டுப்போட்டு, தளர்த்தித் தைப்பார்கள். உள்ளே இருப்பதைக் குறைப்பது பாதி வேலை, இருப்பதற்கு இடம் பண்ணிக் கொடுப்பது மறுபாதி.

புற்று இல்லை. கதிர்வீச்சும் வேண்டாம், கீமோவும் வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், முழுவதும் எடுக்க மாட்டேன் என்றவருக்கு இந்தக் கட்டியைப் பற்றித் தெரிந்திருக்கிறது. மற்றவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பெரியவர்களுக்கு, நெஞ்சுப் பகுதியில், தண்டுவடத்தோடு ஒட்டிய கொழுப்புக்கட்டியை முழுவதும் எடுத்திருக்கிறீர்களா, எடுத்த பிறகு அவர்கள் எப்படி நடக்கிறார்கள்?

நிலக்கோட்டையான் எழுதியது:

மிக்க நன்றி சிஸ்டர். நீங்கள் எழுதியதை மாமனாரிடம் படித்துக் காட்டினேன். தேங்காய்ச் சில்லு வரை வந்ததும், "சரி, மேலே படி" என்றார். அது பெரிய விஷயம்.

இன்று இரண்டாமவரிடம் போய் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. தண்டுவடக் கொழுப்புக்கட்டியை முழுவதும் எடுத்தால்தான் நல்லது என்று வெளிநாட்டில் பெரிய ஆய்வே வந்திருக்கிறது, இதோ பாருங்கள் என்று கணினியில் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் சொல்வதிலும் ஏதோ இருக்கிறதோ என்று மறுபடி குழப்பம். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆபரேஷன் ஆனால் மரமரப்பு போய்விடுமா? மனைவி அதைத்தான் தினமும் கேட்கிறாள்.

முதுநிலை மாணவன் எழுதியது:

வணக்கம். நான் நரம்பியல் அறுவை மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். படத்தைப் பார்க்காமல் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஆய்வுக் குழப்பத்தை மட்டும் தீர்த்துவைக்கிறேன்.

அவர் காட்டியது பெரும்பாலும் டாக்லிங் பாங் என்ற அமெரிக்கக் குழந்தை நரம்பியல் அறுவை நிபுணரின் கட்டுரையாக இருக்கும். 2009, 2010 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வந்தது. முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும் எடுத்தவர்களுக்கு, பகுதி எடுத்தவர்களைவிட நீண்டகாலப் பலன் நன்றாக இருந்தது என்று அவர் நிறுவினார். பெரிய வேலை, மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அது வேறு நோய். அந்த நோயாளிகளுக்குக் கருவிலேயே முதுகு சரியாக மூடாமல், தண்டுவடத்தின் அடிநுனி இடுப்புக்குக் கீழே கொழுப்போடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கும். வெளியே பார்த்தாலே பெரும்பாலும் இடுப்புக்குக் கீழ் ஒரு குழியோ, முடிக்கற்றையோ, மெத்தென்ற புடைப்போ இருக்கும். வளர வளரத் தண்டுவடம் இழுபடுவதுதான் அங்கே பிரச்சினை, ஆகவே கட்டை முழுவதும் அவிழ்ப்பதற்குப் பொருள் உண்டு. 1982-இல் சாப்மன் என்பவர் வகுத்த வகைப்பாடும் அந்த அடிநுனிக் கட்டிகளுக்கானதே.

உங்கள் மனைவிக்கு இருப்பது முதுகெலும்பு முறையாக மூடிய பிறகும் நெஞ்சுப் பகுதியில் தங்கிவிட்ட கொழுப்பு. கருவில் தோலாக வேண்டிய படலமும் நரம்பாக வேண்டிய படலமும் பிரியும் நேரம் கொஞ்சம் முந்திவிட்டால், நடுவில் உள்ள அணுக்கள் உள்ளே நழுவிக் கொழுப்பாகிவிடும் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம். அதாவது இது பின்னால் முளைத்த கட்டி அல்ல, உடன்பிறந்தது. வழக்கமாக இருபது, முப்பது வயதுகளில் மெல்ல மெல்லத் தொல்லை காட்டும். இதற்கு முழுவதும் எடுப்பது வழக்கமான இலக்கு அல்ல. நியூயார்க்கில் ஃபிரெட் எப்ஸ்டீனின் குழு 1995-இல் எழுதியதிலிருந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளை வைத்துத்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிறிய அனுபவம் சொல்வது ஒன்றைத்தான்: ஆபரேஷனுக்குப் போகும்போது ஒருவர் எந்த நிலையில் இருக்கிறாரோ, பெரும்பாலும் அதுவே அவருக்கு மிஞ்சுகிறது. நடந்து வந்தவர்கள் நடக்கிறார்கள். கால் முற்றிலும் விழுந்த பிறகு வந்தவர்கள் எழுவது அரிது.

எனவே மரமரப்பு போகுமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கொஞ்சம் குறையலாம், முழுவதும் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதுமட்டுமல்ல, ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்கள் மரமரப்பு கூடவும் செய்யலாம். கட்டி இருப்பது தண்டுவடத்தின் பின்பக்கம். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதைகள் ஓடுவதும் அதே பின்பக்கம்தான். அவற்றைத் தொடாமல் வேலை முடியாது. இதை உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கண் விழித்ததும் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைத்து உடைந்துபோவார்.

சிஸ்டர் சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். லேசர் இருக்கிறதா என்று தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். மீயொலிக் கருவியும் நரம்புக் கண்காணிப்பும் இருந்தால் போதும். கண்காணிப்பு இல்லாத இடம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எலும்பு வளைவுகளை எடுத்துவிடுவார்களா, திரும்பப் பொருத்துவார்களா என்றும் கேளுங்கள். டி3 கழுத்துக்கு அருகில் இருப்பது, வயதும் சிறியது. எலும்பில்லாமல் விட்டால் நாளடைவில் மேல்முதுகு முன்பக்கம் கூன வாய்ப்பு உண்டு.

ஒரு சரிபார்ப்பும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், ஆனால் பழைய இரத்தக்கசிவும் அப்படித் தெரியலாம். கொழுப்பை மறைத்து எடுக்கும் படம் ஒன்று உண்டு, அதில் கட்டி கறுத்துப்போனால் கொழுப்பேதான். உங்கள் படத்தில் அந்த வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். உறைக்கு வெளியே வரும் ஆஞ்சியோலைப்போமா என்று ஒரு கட்டி இருக்கிறது, இரத்தக்குழாயும் கொழுப்பும் கலந்தது. அது பெரும்பாலும் தண்டுவடத்தோடு ஒட்டாது, அதை முழுவதும் எடுத்துவிடலாம். நீண்டகாலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு உறைக்கு வெளியே கொழுப்பு மண்டுவதும் உண்டு, அங்கே மருந்தைக் குறைப்பதும் எடையைக் குறைப்பதுமே முதல் வைத்தியம். பெயர்கள் கிட்டத்தட்ட இருப்பதால் இணையத்தில் தேடுகிறவர்கள் இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள்.

சிறுநீர்த் தொல்லை வந்துவிட்டது என்பதால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

கோவில்பட்டி கணக்கர் எழுதியது:

நான் இதே ஆபரேஷன் செய்துகொண்டவன். எனக்குக் கழுத்தும் நெஞ்சும் சேரும் இடத்தில். வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் பருத்தி மண்டியில் கணக்கு எழுதுகிறேன், கைத்தடியோடு நடக்கிறேன். கட்டியில் மீதி உள்ளேயே இருக்கிறது. அவ்வப்போது எடுக்கும் படத்தில் அது அப்படியே இருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

டாக்டர்கள் ஆபரேஷன் வரைக்கும் சொல்கிறார்கள். பிறகு வீட்டில் என்ன என்று நான் சொல்கிறேன். முதல் சில நாட்கள் தலையைத் தூக்காமல் படுத்திருக்கச் சொல்லலாம், டூராவில் போட்ட தையல் வழியாகத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் கசியாமல் இருப்பதற்கு. காயத்துக்குப் போட்ட கட்டு தெளிந்த நீரால் நனைந்தாலோ, உட்கார்ந்ததும் தலைவலி மண்டையைப் பிளந்தாலோ உடனே சொல்லிவிட வேண்டும். எனக்கு அது வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்து மறுபடி தையல் போட்டார்கள்.

எழுந்து நிற்கத் தொடங்கியபோதுதான் என் கால்கள் எனக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. பலம் இருந்தது, தகவல் இல்லை. பகலில் கண்ணால் பார்த்துச் சமாளித்தேன். குளிக்கும்போது முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன், அடுத்த நொடி சுவரில் தோள் மோதியது. அன்றைக்கே குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தச் சொன்னேன், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் போட்டாயிற்று. இரவில் கழிப்பறை வரை விளக்கு எரிய வேண்டும். வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் காலில் ஊற்ற வேண்டும். பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் சைலன்ஸர் பக்கம் கால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்டது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீருக்குக் கொஞ்ச காலம் நானே குழாய் விட்டு எடுக்கப் பழகினேன். கேட்கச் சங்கடமாக இருக்கும், செய்து பழகிவிட்டால் பல் துலக்கும் நேரம்தான் ஆகும். பை மாட்டிக்கொண்டு திரிவதைவிட எவ்வளவோ மேல். ராத்திரி கால்கள் விறைத்துத் தானாக உதறும். அதற்குப் பேக்லோஃபென் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையைச் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பிசியோதெரபியை வாரத்துக்கு ஒருமுறை ஒப்புக்குச் செய்வதில் பயனில்லை. நான் வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் தங்கினேன். அதை 1966-இல் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். அங்கே போனால் 'பாவம்' என்று யாரும் பார்ப்பதில்லை, படிக்கட்டு ஏறச் சொல்லி விரட்டுவார்கள். எனக்கு அந்த விரட்டல்தான் தேவையாக இருந்தது.

தையல் பற்றி ஒன்று. மிதிபலகையை மறந்துவிடச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தினால் ஓடி, மறுபடி அழுத்தினால் நிற்கும் மின்மெஷின்கள் இப்போது கிடைக்கின்றன. கால் தேவையில்லை. கனத்த துணிக்கு ஆகாது, ஜாக்கெட்டுக்கும் சுடிதாருக்கும் போதும்.

நிலக்கோட்டையான் எழுதியது:

கணக்கர் அண்ணா, நீங்கள் எழுதியதை என் மனைவியே வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, அந்த மெஷின் என்ன விலை என்பதுதான். கடையில் விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

கொழுப்பை மறைத்து எடுத்த படம் எங்கள் சி.டி.யிலேயே இருந்தது. முதலாமவரிடம் காட்டினோம், கட்டி கறுத்துத்தான் இருக்கிறது, சந்தேகமே இல்லை என்றார். எலும்பைத் திரும்பப் பொருத்துவாராம். கண்காணிப்புக் கருவி அவர் மருத்துவமனையில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும், அவர் வரும் நாளுக்குத்தான் தேதி குறிப்பேன் என்றார். மாமனார் அவரிடம், "எவ்வளவு விட்டுவைப்பீர்கள்?" என்று கேட்டார். "திறந்து பார்த்தால்தான் தெரியும், திரை சொல்லும் இடத்தில் நிறுத்துவேன்" என்றார். வெளியே வந்ததும் மாமனார், "இவரிடமே செய்துகொள்வோம்" என்றார். அவர் வாயால் வந்தது எனக்கே ஆச்சரியம்.

குழந்தைக்கு ஒன்பது மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. அது ஒன்றுதான் இப்போது கவலை. அடுத்த வாரம் புதன்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, எவ்வளவு வரும் என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு அலுவலர் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

தியேட்டர் சிஸ்டர் எழுதியது:

நல்லது தம்பி. பால் விஷயத்தை மயக்க மருந்து டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், புதன்கிழமை வரை வைத்திருக்க வேண்டாம். எந்த மருந்துக்குப் பிறகு எப்போது கொடுக்கலாம் என்று அவர் சொல்வார். ஆனால் குப்புறப் படுத்து நீண்ட நேரம் நடக்கும் ஆபரேஷன், மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். தியேட்டருக்குள் போகும் முன் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும், வார்டு சிஸ்டரிடம் சொன்னால் உதவுவார்கள். இப்போதிருந்தே குழந்தைக்குப் பாட்டி கையால் கூழும் இட்லியும் ஊட்டிப் பழக்குங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் குழந்தையைக் குனிந்து தூக்கக் கூடாது. கட்டில் மேல் உட்கார்ந்தபின் மடியில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய படங்கள் எல்லாவற்றையும், இடுப்புக்கு எடுத்ததையும் சேர்த்து, எடுத்துக்கொண்டு போங்கள். எலும்பை எண்ணுவதற்கு அது உதவும். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அட்டையோடு காட்டுங்கள், நாட்டு மருந்தாக இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளிக்கச் சொல்லுங்கள், எண்ணெய் வைக்க வேண்டாம். மண்டைத் தோலில்தான் அந்த மின்முனைகளைப் பொருத்த வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிற்காது. நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருந்தால் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்புக்குத் தடங்கல் வரும், பாலிஷை அழித்துவிடுங்கள், மருதாணி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் தியேட்டர் வாசலில் இதற்கு அழுகையும் வாக்குவாதமும் நான் நிறைய பார்த்தாயிற்று. வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அதையும் கழற்றச் சொன்னால் மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகட்டும்.